வெள்ளம், புயல், நிலநடுக்கம்: சின்னத் தொழில் நடத்துபவர்கள் முன்கூட்டியே என்ன செய்து வைக்கிறீர்கள்?

நூலும்ஊசியும்
எல்லாருக்கும் வணக்கம். சின்னத் தையல் கூடம் ஒன்று நடத்துகிறேன். தரைத்தளம். பத்துப் பன்னிரண்டு மெஷின், ஒரு வெட்டும் மேசை, பின்னால் துணிக்கட்டுகள் அடுக்கிய அறை. ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். இடம் கொஞ்சம் தாழ்வு. பெருமழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

"பேரிடர்த் திட்டம்" என்று தேடினால் பெரிய கம்பெனிகளுக்கு எழுதியதுதான் வருகிறது. நாற்பது பக்கம், குழு, துணைக்குழு, ஒருங்கிணைப்பாளர். இங்கே குழுவும் நான்தான், துணைக்குழுவும் நான்தான். ஜெனரேட்டர் வாங்குவதா, மணல்மூட்டை வாங்கி வைப்பதா, இன்சூரன்ஸ் போட்டால் போதுமா? கையிருப்புக்கு இதில் ஒன்றுதான் முடியும். எது முதலில்?

சும்மாஒருவன்
இன்சூரன்ஸ் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மற்றதெல்லாம் வெட்டிச் செலவு. வருகிற வெள்ளம் உங்கள் மணல்மூட்டையைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

கணக்குநோட்டு
சும்மாஒருவன் சொன்னதில் பாதிதான் சரி. சின்னக் கடைகளுக்கு இழப்பீட்டுக் கோரிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பாலிசி கையில் இருக்கும், பணம் மட்டும் வராது. திரும்பத் திரும்பப் பார்க்கிற காரணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தீ விபத்துக்கான பாலிசியில் வெள்ளமும் நிலநடுக்கமும் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் இவற்றைத் தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பாலிசியில் "விலக்குகள்" என்று ஒரு பக்கம் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

இரண்டாவது, குறைத்துக் காட்டுவது. கட்டணம் மிச்சமாகட்டும் என்று 100 பங்கு மதிப்புள்ள சரக்கை 60 என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு 40 பங்கு நனைந்தால், "60க்குத்தானே போட்டிருக்கிறேன், 40 முழுதாக வரும்" என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வராது. சராசரி விதி, அதாவது எந்த விகிதத்தில் குறைத்துக் காட்டினீர்களோ அதே விகிதத்தில் ஈடும் குறையும் என்ற விதி, இருக்கும் பாலிசியில் 40இல் 60 சதவீதம், அதாவது 24தான் வரும். சொந்தப் பணத்திலிருந்து 16 போகும். இதை முன்கூட்டிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

மூன்றாவது உங்களுக்கே உரியது. உங்கள் கூடத்தில் இருக்கும் துணியில் பாதி வாடிக்கையாளருடையதாக இருக்கும், இல்லையா? சாதாரணப் பாலிசி உங்கள் சரக்கைத்தான் காக்கும். பிறர் பொருளைப் பொறுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று பாலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால், நனைந்த கல்யாணப் பட்டுக்கு நீங்கள்தான் கைக்காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, தொழில் நின்றுபோன நாட்களுக்கான ஈடு. இது சொத்துக் காப்பீட்டில் சேராது, தனியாக வாங்க வேண்டும். அதிலும் முதல் சில நாட்களுக்கு ஒன்றும் கிடைக்காது. 72 மணி நேரம் காத்திருப்பு என்பது பல பாலிசிகளில் இருக்கிறது. ஈடு எத்தனை மாதம் வரை வரும் என்பதையும் பாருங்கள். புது மெஷின் வந்து சேரவே மூன்று மாதம் ஆகும் தொழிலில் ஒரு மாத ஈட்டை வைத்து என்ன செய்வது?

இன்னொன்று, புயல் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகு யாரும் புதுப் பாலிசி தரமாட்டார்கள். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் பாலிசியே நடைமுறைக்கு வரும்.

சும்மாஒருவன்
அந்தப் பட்டு விஷயம் எனக்குத் தெரியாது. சரி, பாதி என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பழையஅச்சு
நான் அச்சகம். காகிதம்தான் என் சொத்து, தண்ணீர்தான் என் எதிரி. எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, "இது போனால் அடுத்த மாதம் தொழில் நடக்காது" என்று சொல்லக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் விலை அதிகமான பொருள் அந்தப் பட்டியலில் வராது. எனக்கு அச்சு இயந்திரம் வரவில்லை. அதே மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் இன்னொருவரிடம் வேலையைக் கொடுத்து வாங்கலாம். வந்தவை என்னவென்றால் வாடிக்கையாளர்களின் வடிவமைப்புக் கோப்புகள், யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு, பாதியில் நிற்கும் ஆர்டர்களின் விவரம். மூன்றும் ஒரு பைக்குள் அடங்கும்.

உங்களுக்கு அளவு நோட்டு. வாடிக்கையாளர் அளவு, வெட்டுக் காகிதங்கள், வரவேண்டிய பாக்கி. துணி நனைந்தால் துவைக்கலாம், திரும்ப வாங்கலாம். அளவு நோட்டில் மை கரைந்தால் ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது இஷினோமாகி என்ற ஊரின் சிறு நாளிதழான இஷினோமாகி ஹிபி ஷிம்பூனின் அச்சகத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. மின்சாரமும் இல்லை. நனையாத காகிதச் சுருளை வெட்டி, மார்க்கர் பேனாவால் கையால் செய்தி எழுதி, முகாம்களின் சுவரில் ஒட்டினார்கள். ஆறு நாள் அப்படியே இதழ் வந்தது. அவர்கள் தொழில் செய்தி தருவது, அச்சடிப்பது அதற்கு ஒரு வழி. உங்கள் தொழிலிலும் மெஷின் இல்லாமல் எது நடக்கும் என்று யோசித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் பழைய மிதிமெஷினில் பழுது பார்க்கும் வேலையாவது எடுக்கலாம் அல்லவா?

மணல்மூட்டை பற்றி. அது தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் என்று எண்ண வேண்டாம், உள்ளே வரும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் கொஞ்சம் மேல். ஆனால் வாசலை அடைத்துவிட்டுக் கழிவறையை மறந்துவிடுவார்கள். வெளியே மட்டம் ஏறியதும் சாக்கடை வழியாகத் தண்ணீர் உள்ளே கிளம்பும், அதுவும் மோசமான தண்ணீர். குழாயில் ஒருவழி வால்வு போட்டால் இதைத் தடுக்கலாம், செலவும் பெரிதில்லை. அப்புறம், வெளியே தண்ணீர் 60 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும்போது உள்ளே வரவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் சாதாரணச் செங்கல் சுவரே சரியலாம். அந்தக் கட்டத்தில் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, பொருளை உயரத்தில் வைத்திருப்பதுதான் புத்தி.

நூலும்ஊசியும்
பழையஅச்சு ஐயா, அளவு நோட்டு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. பொருளை உயரத்தில் வைப்பது என்றால், துணிக்கட்டு எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடவா? கூரை வரை ரேக் இருக்கிறது.

பலகைமேஸ்திரி
நில்லுங்கள். உங்கள் இடத்தில் நிலநடுக்கம் வருமா? வரும் என்றால் இந்த யோசனை ஆளைக் கொல்லும். வெள்ளத்துக்குக் கனமானது மேலே, நிலநடுக்கத்துக்குக் கனமானது கீழே. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். பொதுவான பட்டியல்களில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரண்டு ஆபத்தும் இருக்கும் இடம் என்றால், ரேக்கின் மேல்பகுதியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆணி போதாது, சுவரும் திடமானதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒரு குறுக்குப்பட்டி அடியுங்கள், கட்டு வழுக்கி விழாது. எதிர்பார்க்கும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, ஆள் தலைக்குக் கீழே, அந்த இடைவெளியில் கனமானவை. மேல்தட்டில் நூல்கண்டு, ஜிப் போன்ற லேசானவை. யாரும் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் பின்னால் உயரமான ரேக் வேண்டாம்.

தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதற்கு அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பாமல், பழைய கட்டடங்களின் சுவரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் வெள்ள வரைபடமும் இருக்கலாம்.

மின்கம்பி
மெஷின் பற்றி யாரும் பேசவில்லையே. தொழிற்கூடத் தையல் மெஷின் பலவற்றில் மோட்டார் மேசைக்கு அடியில் தொங்கும். தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். எச்சரிக்கை வந்ததும் மெஷின் தலையைத் தூக்கிப் பத்திரப்படுத்துகிறார்கள், மோட்டாரை விட்டுவிடுகிறார்கள். நேரமில்லை என்றால் மொத்த மேசையையும் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றலாம். முன்பே ஒரு தடவை செய்து பாருங்கள், ஆறு பேருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுகளையும் அடுத்த முறை வயரிங் மாற்றும்போது இடுப்புக்கு மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர்: உங்கள் அளவுக்கு அவசரமில்லை என்பது என் கருத்து. தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது யார் வந்து தைக்கப் போகிறார்கள்? விளக்கு, போன் சார்ஜ், இணையம், இதற்கு ஒரு இன்வர்ட்டர் போதும். அதன் பேட்டரியும் தரையில் இருக்கக் கூடாது.

வாங்கித்தான் ஆவேன் என்றால் இரண்டு விஷயத்தில் விளையாட வேண்டாம். கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புயலுக்குத் தப்பியவர்கள் பிறகு இதில் சாகிறார்கள். அடுத்து, ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகக் கூடாது, தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் இணைக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் போகும், அங்கே பழுது பார்த்துக்கொண்டிருப்பவரைத் தாக்கும்.

தண்ணீர் வடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நனைந்த பிரேக்கர் வெயிலில் காய்ந்தாலும் உள்ளே மண்ணும் துருவும் இருக்கும். அது மாற்ற வேண்டிய பொருள், காயவைக்கிற பொருள் அல்ல.

மருந்துவாசல்
ஜெனரேட்டர் அவசரமில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள் மின்கம்பி அண்ணா. மருந்துக்கடைக்கு அது உயிர்நாடி. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்த இன்சுலினும் குப்பைக்குத்தான். குளிர்பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு, அதிகபட்சக் குறைந்தபட்ச வெப்பநிலை காட்டும் தெர்மாமீட்டர், இவை எப்போதும் தயாராக இருக்கும். பக்கத்து மருத்துவமனையில் இடம் தருவார்களா என்று மழைக்காலத்துக்கு முன்பே பேசி வைப்போம்.

மின்கம்பி
உங்களுக்குத் தேவைதான் அம்மா. நான் தையல் கூடத்துக்குச் சொன்னேன்.

நூலும்ஊசியும்
ஆட்கள் விஷயத்தில் எனக்குக் குழப்பம். எச்சரிக்கை வந்ததும் கடையை மூடினால், பல தடவை மழையே பெய்யாமல் போகிறது. மூடிய நாளுக்குக் கூலி கொடுப்பதா? கொடுத்தால் எனக்கு நட்டம், கொடுக்காவிட்டால் அடுத்த முறை "மூடாதீங்க, பார்த்துக்கலாம்" என்று அவர்களே சொல்வார்கள்.

சும்மாஒருவன்
கடைசி நேரம் வரை நடத்துங்கள். தண்ணீர் வாசலுக்கு வந்தபின் போகலாம். மூட்டை தூக்கவும் ஆள் வேண்டுமே.

மருந்துவாசல்
இதை வன்மையாக மறுக்கிறேன். வாசலில் தண்ணீர் என்றால் அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் என்ன இருக்கும்? 15 சென்டிமீட்டர் வேகமான தண்ணீர் போதும், வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டரில் சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும், 60இல் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் வீட்டிலும் குழந்தை, வயதானவர், கட்டில், அரிசிமூட்டை எல்லாம் இருக்கிறது. உங்கள் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டே இருக்கச் சொல்வது நியாயமில்லை.

எங்கள் கடையில் முடிவை முன்பே எடுத்து எழுதிவிட்டோம். வானிலை எச்சரிக்கை இந்த மட்டத்துக்கு வந்தால் பொருள் ஏற்றும் வேலை தொடங்கும். அடுத்த மட்டத்துக்கு வந்தால் மூடல், விவாதம் கிடையாது. மழை பெய்யாவிட்டாலும் அன்றைக்குப் பாதிக்கூலி உண்டு. நான் இல்லாதபோது முடிவெடுப்பவர் யார் என்பதும் எழுதியிருக்கிறது. பொருள் ஏற்றும் வேலை பகல் வெளிச்சத்தில் முடிந்துவிட வேண்டும்.

புயல் என்றால் இன்னொன்று. நடுவில் காற்று சட்டென்று நின்று அமைதியாகும். அது புயலின் கண். "முடிந்துவிட்டது" என்று ஷட்டரைத் திறந்து பார்க்கப் போகக் கூடாது, கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

கணக்குநோட்டு
பாதிக்கூலி நல்ல யோசனை. அதைச் செலவாகப் பார்க்காமல் இன்சூரன்ஸ் கட்டணம் மாதிரிப் பாருங்கள். ஆறு பேரின் ஒரு நாள் பாதிக்கூலி ஒரு மோட்டாரின் விலையைத் தாண்டுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இணையக்கடை
இதுவரை எல்லாரும் பொருள் நனைவது பற்றியே பேசுகிறீர்கள். பொருள் ஒன்றும் ஆகாமலே தொழில் நிற்கலாம்.

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம். நகர மையத்தைச் சுற்றி வேலி போட்டு ராணுவக் காவல் வைத்தார்கள். வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, முழுதாக எடுத்தது 2013 ஜூன் கடைசியில். உள்ளே கட்டடம் நின்றுகொண்டிருக்கும், மேசையில் கணக்குப் புத்தகம் இருக்கும், உரிமையாளரால் தொட முடியாது. இதற்கிடையில் 2011 அக்டோபரில் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி ரீஸ்டார்ட் என்று ஒரு கடைவீதி திறந்தார்கள்.

எனவே பேக்கப் கடையிலேயே இன்னொரு அலமாரியில் இருந்தால் பயனில்லை. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில், இதுதான் கணினிக்காரர்கள் சொல்லும் விதி. அளவு நோட்டை வாரம் ஒருமுறை போனில் படம் எடுத்து கிளவுடில் ஏற்றினால்கூடப் போதும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் நுழைய ஓடிபி வருவது எந்த போனுக்கு? அந்த போன் வெள்ளத்தில் போனால்? மாற்று எண் ஒன்றும், ஓடிபி இல்லாமல் கணக்கைத் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகள் அச்சிட்ட தாளும் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும். வருடத்தில் ஒரு நாளாவது பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழையஅச்சு
மிகச் சரி. இன்னொரு கோணம், வெள்ளம் உங்கள் ஊரிலேயே வர வேண்டும் என்றும் இல்லை. 2011இல் தாய்லாந்தில் அயுத்தயா பக்கத்துத் தொழிற்பேட்டைகள் வாரக்கணக்கில் மூழ்கியபோது, அங்கே ஹார்டு டிஸ்க் செய்வது நின்று, உலகம் முழுக்க அதன் விலை ஏறியது. 2010இல் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றபோது, கென்யாவில் பூப்பண்ணைகளில் பறித்த பூ அழுகியது. எரிமலைக்கும் அவர்களுக்கும் எத்தனை ஆயிரம் மைல்!

இணையக்கடை
அந்த வகையில் பலரும் சொல்லும் கதை 2000 மார்ச்சில் நடந்தது. அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பிலிப்ஸ் சிப் தொழிற்சாலையில் மின்னல் தாக்கிச் சின்னத் தீ, கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் புகையும் தண்ணீரும் தூசியே படக்கூடாத அறைகளைக் கெடுத்துவிட்டன. அங்கிருந்து சிப் வாங்கிவந்த கைபேசிக் கம்பெனிகளில் நோக்கியா உடனே வேறு இடங்களில் சிப் தேடிப் பிடித்தது. எரிக்சன் மெதுவாக விழித்தது, கைபேசித் தொழிலில் பெரிய நட்டம். நம் அளவுக்கு இதன் பொருள், நூலும் ஜிப்பும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள், இரண்டாவது ஆளிடம் அவ்வப்போது சின்ன ஆர்டராவது கொடுத்துப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் முதல்முறையாகப் போய் நிற்பவருக்குக் கடன் கிடைக்காது.

நூலும்ஊசியும்
நிறைய எழுதியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் நன்றி. நான் எழுதி வைத்திருப்பது: அளவு நோட்டையும் பாக்கிக் கணக்கையும் படம் எடுத்து வெளியே ஒரு நகல். பாலிசியில் பிறர் துணியைச் சேர்ப்பது, உண்மையான மதிப்பைப் போடுவது. கழிவறைக் குழாய்க்கு வால்வு. ரேக்கைச் சுவரோடு இறுக்குவது. எந்த எச்சரிக்கைக்கு மூடுவது என்று ஆட்களோடு உட்கார்ந்து பேசி எழுதுவது. ஜெனரேட்டர் இப்போதைக்கு இல்லை. மிச்சப் பணத்தை என்ன செய்ய?

கணக்குநோட்டு
தொடாமல் வையுங்கள். வாடகை, கூலி, கடன் தவணை, இவற்றுக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று பார்த்து, அதையாவது தனிக் கணக்கில். இன்சூரன்ஸ் பணம் வரும் வரை கடையைத் தாங்குவது அதுதான். கொஞ்சம் ரொக்கமாக வீட்டில் இருக்கட்டும், மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாதபோது கார்டும் வேலை செய்யாது, போனில் பணம் அனுப்பவும் முடியாது.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. கடை முழுவதையும் போனில் வீடியோ எடுங்கள். மெஷின்களின் வரிசை எண் தெரியட்டும், ரேக்கில் எத்தனை கட்டு என்று வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். சேதம் வந்த பிறகும் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர்க் கோடும் அதில் வர வேண்டும். அழுகுவதை அகற்றலாம், அகற்றவும் வேண்டும், ஓரிரண்டு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மாதிரியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கக் கூடாது.

சும்மாஒருவன்
ஒரு சந்தேகம். நனைந்த கணக்குப் புத்தகம், நனைந்த கம்ப்யூட்டர் இரண்டையும் வெயிலில் வைத்தால் போதுமா?

பழையஅச்சு
புத்தகத்தை வெயிலில் பிரித்து வைக்காதீர்கள், ஈரத்தாள் கிழியும். பளபளப்பான தாள் என்றால் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். உடனே பார்க்க நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பூஞ்சை நிற்கும். பிறகு நிதானமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காற்றில் உலர்த்தலாம்.

இணையக்கடை
கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்க்க வேண்டாம், முதலில் அதுதான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, காயவைக்காமல், ஈரத்தோடு பையில் மூடித் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். காய்ந்தால் உள்ளே சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். வேறு இடத்தில் நகல் இருந்தால் இதற்கெல்லாம் செலவழிக்காமல் புது டிஸ்க் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.